தேனும் துவியும்: ராஜம் கிருஷ்ணனின் இரு நாவல்கள்

மஞ்சூரிலிருந்து குந்தாப் பாலத்திற்கு இறங்கும் சாலையில் பயணம் செய்தவர்கள் அந்தப் பள்ளத்தாக்கை எளிதில் மறக்கமாட்டார்கள். இருபுறமும் தேயிலை, நடுவே பெரும் இரும்புக் குழாய்கள், கீழே மின் நிலையம். 1956இல் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு எழுந்தது. 1960இல் அங்கிருந்து மின்சாரம் பாயத் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று இன்று சுற்றுலாப் பயணிகள் சென்று வியக்கும் நீர்த்தேக்கங்கள் பலவும் அத்திட்டத்தின் பிள்ளைகளே. அக்காலத்தில் மின் பொறியாளர் ஒருவரின் துணைவியாராக இங்கு வந்து குடியிருந்த ஒரு பெண்மணி, கணவர் பணிக்குச் சென்ற நேரங்களில் வீட்டுக்குள் முடங்கியிராமல், சுற்றியுள்ள படகர் ஹட்டிகளை நோக்கி நடந்தார். அந்த நடையிலிருந்து பிறந்த நாவல்தான் 1963இல் நூலாக வெளிவந்த 'குறிஞ்சித்தேன்'.

ராஜம் கிருஷ்ணன் 1925ஆம் ஆண்டு திருச்சி மாவட்டம் முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே மணம் முடிந்தது. கல்லூரி வாசலை மிதிக்காதவர். கூட்டுக் குடும்பத்தின் சமையற்கட்டிலிருந்து கொண்டே படித்துப் படித்துத் தம்மை உருவாக்கிக்கொண்டவர். 1953இல் 'பெண்குரல்' நாவலுக்குக் கலைமகள் பரிசு. 1958இல் 'மலர்கள்' நாவலுக்கு ஆனந்த விகடன் பரிசு. 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அக்காதெமி விருது. தமிழில் அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. பரிசுகளின் பட்டியல் இன்னும் நீளும். அதைக் கலைக்களஞ்சியங்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நமது பங்கில் ஞாயிறு மாலைகளில் சிறியதொரு வாசகர் வட்டம் கூடுகிறது. வருவோர் பன்னிரண்டு பேருக்குள்தான். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். சென்ற ஆண்டு நாம் அங்கே 'குறிஞ்சித்தேன்' நாவலை எடுத்துக்கொண்டோம். "நம் மலையைப் பற்றிய நாவல்" என்ற பெருமிதத்தோடுதான் தொடங்கினோம். மூன்றாம் வாரத்தில், அதுவரை வாய் திறவாதிருந்த ஒரு சகோதரி எழுந்து, "நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்று கேட்டார். இக்கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின் எழுதப்படுவது. அக்கேள்வி எழாதிருந்தால் வெறும் பாராட்டுரை ஒன்றை எழுதி அனுப்பியிருப்போம்.

முதலில் நாவலுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். மரகதமலை என்று ஆசிரியர் பெயரிட்ட ஹட்டி ஒன்றில் மூன்று தலைமுறைகளின் வாழ்வு இதில் விரிகிறது. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலர்; அது பூத்து ஓயும் காலக் கணக்கே நாவலின் நாட்காட்டி. தொடக்கத்தில் சாமையும் கேழ்வரகும் விளையும் நிலம், எருமைகள், பால்மனை, முன்னோரின் தெய்வம். ஜோகி என்ற சிறுவன் ஆலயப் பணிக்கு ஒப்புக்கொடுக்கப்படுகிறான். ரங்கன் என்ற மற்றொருவன் பணத்தைத் தேடி உதகைக்கு ஓடுகிறான். ஒரே வீட்டு வேரிலிருந்து இரு கிளைகள் இரு திசைகளில் வளைவதைக் காட்டுவதிலேயே ஆசிரியர் தம் நாவல் முழுவதையும் சொல்லிவிடுகிறார் எனலாம். பின்னர் தேயிலை வருகிறது, படிப்பு வருகிறது, பகை வருகிறது, இறுதியில் அணை வருகிறது.

ஆலயத்திற்கு அனுப்பப்படும் அச்சிறுவனைப் பற்றிய பகுதிகளே நாவலில் மிகச் சிறந்தவை என்பது நம் கருத்து. தாயின் வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே போகக்கூடாது. ஊருக்காக நெருப்பைக் காக்கிறான். அவனை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்க்கு உரிமை இல்லை. தெய்வப் பணி என்பது ஒரு குடும்பத்திற்குப் பெருமையாகவும் ஒரு தாய்க்கு இழப்பாகவும் ஒரே நேரத்தில் இருப்பதை ராஜம் கிருஷ்ணன் எந்தப் பக்கமும் சாயாமல் எழுதுகிறார். பதினான்கு வயதில் தகரப் பெட்டியோடு இளங்குருமடத்தின் வாசலில் நின்ற நமக்கு அப்பகுதியைப் பங்கு மக்களின் முன் உரக்கப் படிப்பது எளிதாக இருக்கவில்லை. வேறொருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டோம்.

தேயிலையைப் பற்றி அவர் கண்டதும் கூர்மையானது. வெள்ளையர் தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இம்மலையைச் சூழ்ந்துவிட்டன. ஆனால் ஹட்டிகளின் சொந்த நிலங்களில் தானியம் மறைந்து தேயிலை ஏறியது பிறகு நடந்தது. உண்ணும் பயிரை விடுத்து விற்கும் பயிருக்கு மாறும்போது, உழைப்பின் பயன் வீட்டு அடுப்பிலிருந்து சந்தை விலைக்கு இடம் மாறுகிறது. உறவும் அவ்வாறே மாறுகிறது. முன்பு அண்ணன் நிலத்தில் தம்பி களையெடுத்தான். இப்போது வரப்பை அளக்க நில அளவையாளர் வருகிறார். இந்த மாற்றத்தை வசனத்தால் விளக்காமல் வீடுகளுக்குள் நிகழும் சிறு மனக்கசப்புகளால் காட்டியது நாவலின் பலம். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்து சிறு விவசாயிகள் வீதிக்கு வந்தபோது, இந்நாவலை மறுபடி எடுத்துப் படித்தவர்களுக்கு ஆசிரியர் முன்னமேயே எச்சரித்திருந்தது போலத் தோன்றியிருக்கும். அவர் எச்சரிக்கவில்லை, கண்டதை எழுதினார், அவ்வளவே.

குறைகளையும் சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், படகர் இனத்தவர், நம் நெடுநாள் நண்பர். அவரிடம் நாவலைப் பற்றிக் கேட்டோம். "எங்கள் சடங்குகளை எங்களைக் கேட்டே எழுதியிருக்கிறார்; அதற்காக நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் எங்கள் பாட்டி அவருடைய தமிழில் பேசியதில்லை" என்றார். உண்மைதான். படகர்களின் தாய்மொழி படுகு. நாவலின் மாந்தரோ ஓரளவு திருத்தப்பட்ட தமிழில் உரையாடுகிறார்கள். சில இடங்களில் அவர்கள் வாயிலாக ஆசிரியரே பேசுகிறார். பணம் வருவதற்கு முன் இருந்த ஹட்டி வாழ்வின் மீது அவருக்குள்ள பரிவும் சற்று மிகையானது. பழைய ஒழுங்கில் பெண்ணுக்கு என்ன இடம் இருந்தது என்று 'பெண்குரல்' எழுதிய அதே கை இங்கே இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம். பாரு என்ற பெண்ணின் வாழ்வில் அக்கேள்வி எழத்தான் செய்கிறது; எனினும் மலையின் அழகு குறுக்கே வந்து அதை மென்மையாக்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நிலத்தை நீரில் ஆழ்த்தும் அணையைக் கட்டியவர்களின் குடியிருப்பிலிருந்துதான் இந்த எழுத்தாளர் ஹட்டிக்குள் நடந்து வந்தார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் நாவலின் கடைசிப் பகுதியில் அணையைப் பற்றி எழும் நம்பிக்கைத் தொனிக்கு இந்த இருப்பிடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். அக்காலத்தின் நாட்டு நிர்மாணக் கனவு மற்றொரு காரணம். நிலம் இழப்பவரின் துயரமும் மின்விளக்கின் மகிழ்ச்சியும் ஒரே பக்கத்தில் வரும்போது, ஆசிரியரின் உள்ளம் இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் விட்டிருக்கிறாரே, அதை அவருடைய நேர்மைக்குச் சான்றாகவே கொள்கிறோம்.

மேலிருந்து வந்து கீழே உள்ளோரின் வாழ்வை எழுதுவதில் உள்ள இந்த இக்கட்டு ராஜம் கிருஷ்ணனுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டின் கலீசியப் பகுதியில் பிறந்த எமிலியா பார்தோ பசான் (1851–1921) என்ற கத்தோலிக்க எழுத்தாளரை இங்கே நினைத்துக்கொள்கிறோம். பிரபு குலத்தவர், பதினாறு வயதில் மணம் முடிந்தவர். அசிசி நகர் புனித பிரான்சிஸின் வரலாற்றை 1882இல் எழுதியவர். மறு ஆண்டே புகையிலைத் தொழிற்சாலையில் சுருட்டுச் சுற்றும் பெண்களைப் பற்றி 'லா திரிபுனா' என்ற நாவலை வெளியிட்டார். அதற்காக லா கொருன்யா நகரத்துத் தொழிற்சாலைக்கு இரண்டு மாத காலம் நாள்தோறும் சென்று அங்குள்ள பெண்களின் பேச்சையும் வேலையையும் கண்டறிந்தார். அம்பாரோ என்ற அத்தொழிலாளப் பெண் சக தொழிலாளருக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவாள், படித்ததை நம்புவாள், மேற்குலத்து இளைஞன் ஒருவனின் வாக்குறுதியையும் அப்படியே நம்பி ஏமாறுவாள். 1873இல் நாட்டில் குடியரசு அறிவிக்கப்படும் வேளையில் அவளுக்குக் குழந்தை பிறப்பதோடு நாவல் முடிகிறது. பார்தோ பசானின் எழுத்து உண்டாக்கிய சர்ச்சையைப் பொறுக்காத கணவர் எழுதுவதை நிறுத்தச் சொன்னார், அவர் நிறுத்தவில்லை, இருவரும் பிரிந்து வாழ்ந்தனர். ஸ்பெயினின் அரச மொழிக் கழகம் அவரை ஒரு முறையல்ல, மும்முறை புறக்கணித்தது. பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இவ்விருவரில் ஒருவரை மற்றவர் படித்திருக்க வேண்டிய தேவையில்லை. எழுதுவதற்கு முன் சென்று பார்க்கவேண்டும் என்ற ஒழுக்கம் இருவருக்கும் பொது. ராஜம் கிருஷ்ணன் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரைப் பற்றி 'முள்ளும் மலர்ந்தது' எழுதவும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுதவும், தஞ்சைச் சேற்றில் இறங்கிய உழவர்களைப் பற்றிச் 'சேற்றில் மனிதர்கள்' எழுதவும், சிவகாசித் தீப்பெட்டிச் சிறுவரைப் பற்றிக் 'கூட்டுக் குஞ்சுகள்' எழுதவும் அந்தந்த மண்ணுக்கே போனார். இவற்றுள் சில, திரட்டிய செய்தியின் கனத்தால் கதையாக எழுந்து நடக்க முடியாமல் தள்ளாடுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. விருது பெற்ற 'வேருக்கு நீர்' அவருடைய சிறந்த படைப்பன்று என்பதும் நம் எண்ணம். 'கரிப்பு மணிகள்' அதனினும் பன்மடங்கு உயர்ந்தது.

ஆனால் கத்தோலிக்க வாசகர்களாகிய நாம் விலகிச் செல்லக்கூடாத நூல் ஒன்று உண்டு. அது 1978இல் வெளியான 'அலைவாய்க் கரையில்'.

நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில் அந்நூல் நூலகத்தின் பொது அடுக்குகளில் இல்லை. தனியாகப் பூட்டிய அலமாரி ஒன்றில் இருந்தது. கேட்டால் கொடுப்பார்கள்; ஆனால் கேட்பவரின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டே கொடுப்பார்கள். அந்தப் பார்வைக்கு அஞ்சி நாம் கேட்கவில்லை. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே படித்தோம். அந்தத் தாமதத்திற்கு நாமே பொறுப்பு.

தென்கோடிக் கடற்கரையின் கத்தோலிக்க மீனவர்களே அந்நாவலின் மாந்தர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே திருமுழுக்குப் பெற்ற குலத்தினர். கோயிலே அவர்களுக்கு அரசு, பள்ளி, நீதிமன்றம் அனைத்தும். பிடிபடும் மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு. சுறாவின் துவி கோயிலுக்கு. துவி என்பது சுறாவின் துடுப்புச் சிறகு. வெளிநாட்டுச் சந்தையில் அதற்கு நல்ல விலை உண்டு. மீனின் உடலை விற்று வயிறு கழுவுகிறவன், அதன் விலைமிக்க உறுப்பை மட்டும் ஏன் கொடுக்கவேண்டும் என்று ஒரு தலைமுறை கேட்கிறது. கேட்டவர்களுக்குக் கோயிலின் கதவு சாத்தப்படுகிறது. மறுபக்கத்தில் விசைப்படகுகள் வந்து கட்டுமரக்காரனின் கடலை அரித்துத் தின்கின்றன. மேலே கோயிலும் கீழே விசைப்படகும் நெருக்க, நடுவில் அகப்பட்டவனின் கதை அது. இந்தத் துவிப் பூசலால் மக்களில் ஒரு பகுதியினர் நம் திருச்சபையை விட்டே வெளியேறிய ஊரும் அக்கரையில் உண்டு என்பதைக் கடற்கரை மறைமாவட்டங்களின் மூத்தோர் அறிவர். நாவலைப் பொய் என்று தள்ளிவிட நமக்கு வழியில்லை.

வேற்றுச் சமயத்தவரான ஓர் எழுத்தாளர் நம் வீட்டுச் சண்டையை ஏன் ஊருக்குச் சொல்லவேண்டும் என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டு, தன்னை எதிர்ப்போரிடமிருந்தும் துன்புறுத்துவோரிடமிருந்தும்கூடத் திருச்சபை பெரும் பயன் அடைந்துள்ளது என்று ஏற்றுக்கொள்கிறது. ராஜம் கிருஷ்ணன் எதிரியும் அல்லர். அவர் கணக்குக் கேட்டார். கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணும் பழக்கம் நமக்குத்தான் உண்டு.

அதே நேரத்தில் திறனாய்வாளர் என்ற நிலையில் ஒன்று சொல்வோம். அந்நாவலில் வரும் குருக்கள் கரையிலிருந்து மட்டுமே பார்க்கப்படுகிறார்கள். அங்கியும் அதிகாரக் குரலும் தெரிகின்றன. அறைக்குள் தனித்திருக்கும் மனிதன் தெரியவில்லை. மறைமாவட்டத்தின் ஆணைக்கும் பசித்தவனின் முறையீட்டிற்கும் நடுவே உறக்கமின்றிக் கிடந்த ஒரு குருவையேனும் அவர் சந்தித்திருந்தால் நாவல் இன்னும் ஆழம் பெற்றிருக்கும். அடுத்த பத்தாண்டிலேயே கேரளக் கரையில் அருள்பணி தாமஸ் கோச்சேரி போன்றோர் மீனவர் போராட்டத்தின் முன்னணியில் நின்றார்கள். 2004இல் 'ஆழிசூழ் உலகு' எழுதிய ஜோ டி குரூஸ், அக்கடற்கரையிலேயே பிறந்தவர் ஆதலால், காகு சாமியார் என்ற மறக்கவியலாத குரு ஒருவரை நமக்குக் கொடுத்தார். அதே நாவலாசிரியர் நம்மைக் கண்டிக்கவும் தயங்கவில்லை. உள்ளிருந்து எழுதுபவருக்கு அன்பும் கோபமும் ஒரே மூச்சில் வரும். வெளியிலிருந்து வருபவர் கேள்வியைத் தொடங்கி வைக்கிறார். 'அலைவாய்க் கரையில்' வந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் 'ஆழிசூழ் உலகு' வந்தது.

இப்போது நம் வாசகர் வட்டத்துச் சகோதரியின் கேள்விக்குத் திரும்புவோம். அவருடைய பெற்றோர் 1964இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின் இம்மலைக்கு வந்தவர்கள். அவ்வாறு திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கு உருவாயின. 'குறிஞ்சித்தேன்' வெளிவந்தது 1963இல். ஆகவே அவர்கள் அந்நாவலில் இல்லாதது ஆசிரியரின் பிழையன்று என்று அன்று விடை கூறினோம்.

அந்த விடை நம்மை நிறைவு செய்யவில்லை. அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சமவெளியிலிருந்து கூலிகளாக ஏறிவந்த தமிழர் வெள்ளையர் தோட்டங்களின் லயங்களில் இருந்தார்கள். அவர்கள் 'குறிஞ்சித்தேன்' நாவலின் நடுவில் இல்லை. படகரின் மலை ஒன்று. தோட்டத்துக் கூலியின் மலை வேறு. இரண்டுக்கும் ஒரே மூடுபனி. ஒரு நாவல் எல்லோரையும் சுமக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். வால்பாறைத் தோட்டங்களின் கொடுமையை மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார்; அது இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தபோது, ஆனைமலை கண்ட அந்த நெருப்பை நீலகிரித் தோட்டத்தவர் பலரும் தமதாகவே உணர்ந்தார்கள். அதையும் வட்டத்தில் படித்தோம். அச்சகோதரி அழவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ராஜம் கிருஷ்ணனின் இறுதிக்காலத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அவருக்குக் குழந்தைகள் இல்லை. 2002இல் கணவர் மறைந்தார். நம்பியவர்களிடம் உடைமைகளை இழந்து, சென்னையில் முதியோர் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவரின் கையில் எழுதுவதற்கு ஒரு மேசைகூட இல்லாமற்போனது. 2009இல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. எழுத்தாளர் உயிரோடிருக்கும்போதே இவ்வாறு நடப்பது அரிது. நோயுற்றுப் போரூர் மருத்துவமனையில் நெடுநாள் கிடந்து 2014 அக்டோபரில் உயிர்நீத்தார். காடும் கடலும் உப்பளமும் சென்று யார் யாருடைய துயரையோ குறிப்பெடுத்தவரின் துயரைக் குறிப்பெடுக்க எத்தனை பேர் அந்த இல்லத்திற்குப் போனோம்? நாம் போகவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது சென்னை சென்று வந்த ஆண்டுகள் அவை.

2018இல் நம் மலையில் குறிஞ்சி பூத்தது. அடுத்து 2030இல் பூக்கவேண்டும். அன்று வட்டம் முடிந்து போகையில் அச்சகோதரி ஒரு பள்ளி நோட்டைக் கொடுத்துச் சென்றார். தம் மாமியார் கண்டியிலிருந்து வந்த கதையை அவர் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கியிருக்கிறாராம். ஒன்பது பக்கங்கள் ஆகியுள்ளன. எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தரும்படி கேட்டார். பென்சிலை எடுத்து அமர்ந்தோம். மூன்றாம் பக்கத்தில் தலைமன்னார்த் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து காட்டும் இடம் வந்ததும் திருத்துவதை நிறுத்திவிட்டோம். வருகிற மாதம் 'அலைவாய்க் கரையில்' படிக்கிறோம். ஒரே பிரதிதான் உள்ளது. பங்கு மண்டபத்து மேசையின் மேல் திறந்தபடியே வைத்திருக்கிறோம்.